அன்று 500, இன்று 50

நான் செய்த அச்சுப் படங்களிலேயே அதிகம் பேர் கைக்குப் போனது எதுவென்றால், அதைப் படம் என்று அப்போது ஒருவரும் ஒப்புக்கொள்ளாத ஒன்றுதான். 1970களின் தொடக்கத்தில் நண்பர் ஒருவரின் கவிதைத் தொகுப்புக்காக லினோவில் வெட்டிக் கொடுத்த அரூப ஓவியம் அது. அட்டையில் அதே படம், உள்ளே தலைப்புப் பக்கத்துக்கு எதிரிலும் அதே படம். இரண்டாவது கட்டைக்குக் காசில்லை. 500 பிரதி அடித்தோம்.

அரை நூற்றாண்டு கழித்து இப்போது வேறொரு பதிப்பகம், வேறொரு கவிதை நூலுக்கு, அதே மாதிரி ஒரு லினோ அச்சு கேட்டு வந்தது. இந்தத் தடவை 50 பிரதிதான். “லிமிடெட் எடிஷன் சார்” என்றார்கள். 500 அடித்து 50 விற்றால் அன்று அதற்குப் பெயர் நஷ்டம். 50 மட்டும் அடித்து 50-ஐயும் விற்றால் இன்று அதற்குப் பெயர் சேகரிப்பாளர் பதிப்பு. விற்பது இரண்டிலும் ஐம்பதுதான். எண்ணிக்கை அப்படியே இருக்க, மரியாதை மட்டும் எப்படி ஏறியது?

அந்தக் காலத்துப் பத்திரிகைப் படங்களுக்கு ஒரு நேர்மை இருந்தது. கதாநாயகி மாடிப்படியில் இறங்கினாள் என்று கதையில் இருந்தால் படத்திலும் இறங்குவாள். கோபுலு, மணியம் போன்றவர்கள் அதை எவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோனார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். வாசகரும் அதற்குப் பழகியிருந்தார். படத்தைப் பார்த்தால் கதை தெரிய வேண்டும், கதையைப் படித்தால் படம் தெரிய வேண்டும். இதற்கு நடுவில் 1968-இல் ‘நடை’ சிறுபத்திரிகை வந்தது, 1970-இல் ‘கசடதபற’ வந்தது. ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகளைச் சிறுபத்திரிகை வாசகர்கள் பார்க்க ஆரம்பித்த சமயம். கவிதை எதுகை மோனையை விட்டு இறங்கியபோது, படமும் கதாநாயகியை விட்டு இறங்கியது.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் ஓவியக் கல்லூரியை 1850-இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர். நாங்கள் அங்கே திரிந்த காலத்தில் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வர் பதவியை விட்டிருந்தார். ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் தொடங்கிய சோழமண்டலம் கிராமத்தில் ஓவியர்கள் பாத்திக் துணி செய்து விற்றுக்கொண்டு, மிச்ச நேரத்தில் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். எந்த மொழியிலும் படிக்க முடியாத எழுத்துகளைப் பணிக்கர் திரை முழுக்க எழுதிக்கொண்டிருந்தார். ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற அந்த வரிசையை அவர் 1963-இலேயே ஆரம்பித்துவிட்டார். ஓவியர்கள் எழுத்தைக் கலைத்துக்கொண்டிருந்தார்கள், கவிஞர்கள் யாப்பைக் கலைத்துக்கொண்டிருந்தார்கள். இரு தரப்புக்கும் ஆதரவாளர் கிடையாது. நட்பு சுலபமாக அமைந்தது. என் கவிஞர் நண்பர் கொடுத்த சன்மானம் புத்தகத்தில் இரண்டு பிரதியும் ஒரு டிபனும்.

லினோவை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று இன்று என்னிடம் பேட்டிக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். அந்தப் பொருளின் தன்மை, கையின் சுவடு, எதிர்ப்பின் அழகியல் என்று அவர்களே பதிலும் வைத்திருக்கிறார்கள். காரணம் துத்தநாக பிளாக். பிளாக் மேக்கர் சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுவார். முழுப் பக்கப் படத்துக்கு அவர் சொன்ன தொகையில் கவிதைகளில் பாதியை அச்சுக் கோத்துவிடலாம். லினோ என்பது தரையில் விரிக்கும் சரக்கு. ஆளி விதை எண்ணெயும் தக்கைத் தூளும் சேர்த்துச் செய்வது. ஃபிரெடரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர் 1860களில் கண்டுபிடித்தது. மூர் மார்க்கெட்டில் பழைய தரைவிரிப்புத் துண்டுகள் கிடைக்கும். அந்த மார்க்கெட் 1985-இல் எரிந்து போனது. அதுவரைக்கும் மெட்ராஸ் ஓவியனுக்கு அதுதான் கலைப்பொருள் அங்காடி.

உளிக்குக் குடைக்கம்பி. குடைக்கம்பியின் குறுக்குவெட்டு ஒரு சின்ன வாய்க்கால் மாதிரி இருக்கும். நுனியைச் சாணை பிடித்து மரப்பிடியில் செருகினால் கோடு இழுக்க அருமையான கருவி. லினோவை வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகிக் கொடுக்கும். மெட்ராஸில் வெயிலுக்கு மட்டும் பஞ்சம் கிடையாது. வெட்டியதை மரப்பலகையில் ஒட்டி, எழுத்தின் உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஈய எழுத்தின் உயரம் 0.918 அங்குலம். கட்டை ஒரு மயிரிழை தாழ்ந்தால் மை படாது, உயர்ந்தால் பக்கத்து எழுத்து மங்கிவிடும். என் அரூபத்துக்கு எந்த விதியும் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்த வயதில் இந்த ஒரு விதி குறுக்கே நின்றது. என்ன வேண்டுமானாலும் வரையலாம், அது 0.918-இல் நிற்க வேண்டும்.

படத்தில் இருந்தது இவ்வளவுதான்: பக்கத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு மூன்று கறுப்புப் பரப்புகள், அவற்றுக்கு ஊடே வெள்ளையாக ஓடும் கீறல்கள், ஓர் ஓரத்தில் கொஞ்சம் வெற்றிடம். நண்பரின் கவிதைகளில் வாக்கியங்கள் பாதியில் நின்றுவிடும். நிற்கிற இடத்தில் ஒரு கனம் இருக்கும். அந்தக் கனத்தை உருவம் எதுவும் இல்லாமல் தாளில் கொண்டுவர முடியுமா என்று பார்த்தேன். கவிஞர் முதல் மாதிரியைப் பார்த்துவிட்டு, “என் கவிதைதான் புரியலைன்னு சொல்றாங்க, அதுக்கு நீங்க துணைக்கு ஆள் சேத்திருக்கீங்க” என்றார். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

திருவல்லிக்கேணியில் ஒரு சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, ரசீதுப் புத்தகம், இடையில் நாங்கள். முதலாளி கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வெட்டறப்போ கை வழுக்கிடுச்சா தம்பி?” என்று பரிவோடு கேட்டார். “இல்லைங்க, இதுதான் படம்” என்றேன். “சரி, மை நெறைய இழுக்குமே” என்றார். அவருடைய கலை விமர்சனம் அதோடு முடிந்தது, ஆனால் அது சரியான விமர்சனம். எழுத்து அச்சடிக்கும் டிரெடிலில் பெரிய கறுப்புப் பரப்பு ஒருபோதும் சீராக விழாது. உருளையில் இருக்கும் மை போதாது, அழுத்தம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. கறுப்புக்குள் உப்பைத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் விழும்.

அந்தப் புள்ளிகளை ஒழிக்க மெஷின்மேன் பட்ட பாட்டை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தாளுக்குப் பின்னால் இருக்கும் மெத்தையில், எங்கே அழுத்தம் குறைகிறதோ அந்த இடத்தில் மட்டும் மெல்லிய டிஷ்யூ காகிதத்தைக் கிழித்து ஒட்டுவார். ஒரு தாள் போட்டுப் பார்ப்பார், இன்னொரு கிழிசல் ஒட்டுவார். கத்தரிக்க மாட்டார், கிழிக்கத்தான் வேண்டும். கத்தரித்த விளிம்பு அச்சில் கோடாகத் தெரியும். மை கூடினால் அடுத்த தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். ஈரக் காற்று அடிக்கிற நாளில் காயவும் காயாது. கடைசியில் 500 பிரதியில் எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை. ஒன்றில் கறுப்பு நிலக்கரியாகவும், ஒன்றில் சாம்பலாகவும் வந்திருந்தது. “எனுக்கே வெக்கமா கீது சார்” என்றார் மெஷின்மேன். அந்தக் காலத்து அச்சுத் தொழிலாளிக்கு இரண்டு அவமானங்கள். ஒன்று, கறுப்பு புள்ளி புள்ளியாக விழுவது. இன்னொன்று, எழுத்து தாளின் பின்பக்கம் புடைத்துத் தெரிவது. முதலாளி தாளைத் திருப்பி விரலால் தடவிப் பார்ப்பார். விரலுக்குத் தட்டுப்பட்டால் திட்டு விழும். தாளை முத்தமிடுவது மாதிரி எழுத்து பட்டும் படாமலும் பட வேண்டும் என்பது தொழில் தர்மம்.

அட்டைக்கு அடிக்கும்போது மெஷின்மேன் கட்டையைத் தலைகீழாக முடுக்கிவிட்டார். நான் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, “இப்டி வெச்சாத்தான் சார் கனம் கீய ஒக்காருது. நீங்க சொல்ற மாரி வெச்சா மேலேர்ந்து வுயுந்துரும் போல கீது” என்றார். படத்தை அவ்வளவு கவனமாகப் பார்த்தவர் அதுவரை எவரும் இல்லை என்பதால் நான் விட்டுவிட்டேன். ஆக, அட்டையில் ஒரு விதம், உள்ளே தலைகீழ். பிறகு வந்த ஒரு மதிப்புரையில் நூலின் இரண்டு ஓவியங்களுக்கும் இடையே உள்ள முரண் சிலாகிக்கப்பட்டிருந்தது. இதற்காக யாரும் தமிழ் மதிப்புரையாளர்களை மட்டும் குறைசொல்ல வேண்டாம். 1961-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மத்தீஸின் ‘படகு’ 47 நாள் தலைகீழாகத் தொங்கியது. கடைசியில் கண்டுபிடித்தவர் பார்க்க வந்த ஒரு பெண்மணி. மோந்திரியானின் ‘நியூயார்க் சிட்டி 1’ பல பத்தாண்டுகளாகத் தலைகீழாக இருந்திருக்கிறது என்று 2022-இல் ஜெர்மனியில் சொன்னார்கள். திருப்பி மாட்டினால் அதில் ஒட்டிய நாடாக்கள் உதிர்ந்துவிடும் என்பதால் அப்படியே விட்டுவைத்தார்கள். அந்த அருங்காட்சியகங்களில் என் மெஷின்மேன் இல்லாமல் போய்விட்டார்.

புத்தகம் வந்தது. உறவினர்கள், “மை கொட்டிடுச்சாடா?” என்றார்கள். ஒரு கடைக்காரர், அச்சுப் பிழையுள்ள பிரதி என்று நினைத்து மாற்றித் தரச் சொன்னார். ஊர் நூலகம் ஒன்றுக்குப் போன பிரதியைப் பிற்பாடு பார்த்தேன். நான் அரும்பாடுபட்டுக் காப்பாற்றிய வெற்றிடத்தில், ஊதா நிறத்தில், வட்டமாக, நூலகத்தின் ரப்பர் முத்திரை. படத்துக்குக் குறைவாக இருந்தது அந்த வட்டம்தான் என்று தோன்றியது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: திட்டியவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டுத்தான் திட்டினார்கள். சிலர் தாளைச் சாய்த்து, தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, ஒரு முகமாவது தெரிகிறதா என்று தேடினார்கள். அந்தத் தேடலுக்கு நான் கொடுத்த விலை ஒரு தரைவிரிப்புத் துண்டு. மிச்சமான பிரதிகள் பைண்டர் கடையில் தைக்காத ஃபாரங்களாகக் கிடந்து, கரையானுக்கும் பழைய பேப்பர்காரருக்கும் சமமாகப் பங்கிடப்பட்டன. கட்டையை முதலாளி ஆடுகிற மேசைக்கு அண்டை கொடுத்து வைத்திருந்தார். அந்த உயரம் அதற்கும் சரியாகப் பொருந்தியது.

அப்புறம் ஆஃப்செட் வந்தது, டிடிபி வந்தது. டிரெடில்கள் எடைக்குப் போயின, ஈய எழுத்துகள் உருக்கப்பட்டன. கறுப்பு கறுப்பாக விழ ஆரம்பித்தது. 500 பிரதியும் ஒன்றுபோல் வந்தன. மெஷின்மேன் ஆயுள் முழுக்க ஆசைப்பட்டது நடந்தபோது மெஷின்மேன் இல்லை.

இப்போது இந்தப் புதிய நூலுக்கு வருகிறேன். பதிப்பகத்திலிருந்து வந்த இளம் வடிவமைப்பாளர் மிக மரியாதையானவர். மடிக்கணினியைத் திறந்து, நான் செய்யவேண்டிய படம் எப்படி இருக்கலாம் என்று ஒரு மாதிரி காட்டினார். கறுப்புப் பரப்பு, அதற்குள் உப்பைத் தூவியது மாதிரி வெள்ளைப் புள்ளிகள். “இந்த டெக்ஸ்சர் சாஃப்ட்வேர்லயே இருக்கு சார். ஆனா ஒரிஜினலா வந்தா நல்லாருக்கும். ரொம்ப சுத்தமா வந்துடக் கூடாது” என்றார். டிஷ்யூவைக் கிழித்துக் கிழித்து ஒட்டி ஒழிக்க முயன்ற புள்ளிகளைத்தான் அவர் கேட்கிறார் என்று புரிந்துகொள்ள எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அடுத்து, எழுத்துகள் தாளில் ஆழமாகப் பதிந்து பின்பக்கம் புடைக்க வேண்டும் என்றார். யாரோ பழைய டிரெடில் ஒன்றைச் சீர்செய்து வைத்திருக்கிறார்களாம். பணக்காரக் கல்யாணப் பத்திரிகைகளை அதில் அடிக்கிறார்கள். புடைப்புக்குத் தனிக் கட்டணம். இரண்டு அவமானங்களும் இப்படி ரேட் கார்டில் ஏறிவிட்டன.

அதன் பிறகு சடங்குகள். ஒவ்வொரு பிரதியிலும் பென்சிலால் கையெழுத்து, ஐம்பதில் எத்தனையாவது என்று எண், உண்மைச் சான்றிதழ், அரூபத்தை விளக்கி 300 சொல்லுக்குள் ஒரு குறிப்பு. அன்று முதலாளி கேட்ட அதே கேள்வியைத்தான் அந்தக் குறிப்பும் கேட்கிறது. அவர் ஒரு வரியில் கேட்டார், நானும் ஒரு வரியில் பதில் சொன்னேன். கடைசி நிபந்தனை: 50 அடித்து முடித்ததும் கட்டையின் குறுக்கே கீறி அதைக் கெடுத்துவிட வேண்டும், 51-ஆவது பிரதி உலகத்தில் வந்துவிடக் கூடாது. மேசைக்கு அண்டை கொடுக்கும் உரிமைகூடக் கட்டைக்கு இல்லை.

எண் போடுவதற்கு ஒரு காலத்தில் நியாயமான காரணம் இருந்தது. செப்புத் தகட்டில் ஊசியால் நேராகக் கீறும் டிரைபாயின்ட் முறையில், கீறலின் ஓரத்தில் எழும் பிசிறுதான் மையைப் பிடித்து அந்த மென்மையைக் கொடுக்கும். அழுத்தம் பட்டால் பிசிறு மடங்கிவிடும்; சில டஜன் படங்களுக்கு மேல் தாங்காது. ஆகவே முன்னால் எடுத்த படத்துக்கு மதிப்பு அதிகம். ஒரே லினோவை வெட்டி ஒரு நிறம், மேலும் வெட்டி அடுத்த நிறம் என்று போகும் முறையில் கட்டை தன்னைத்தானே தின்றுகொண்டே வரும். பிக்காசோ 1950களின் கடைசியில் அப்படிச் செய்தார். அங்கேயும் திரும்பிப் போய் இன்னொன்று அடிக்க முடியாது. ஒரு நிற லினோவுக்கு இந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. நூற்றுக்கணக்கில் அடித்தாலும் அசராது. 50 என்ற எல்லையைக் கட்டை போடவில்லை, விற்பனைப் பிரிவு போட்டது.

லினோவின் சரித்திரமே இந்தக் கேலிக்கு ஒத்தாசை செய்கிறது. லண்டன் குரோவ்னர் கலைப்பள்ளியில் 1920களின் பிற்பகுதியில் லினோ வெட்டக் கற்றுக்கொடுத்த கிளாட் ஃபிளைட், இதைச் சாதாரண மனிதன் பீருக்கோ சினிமா டிக்கெட்டுக்கோ கொடுக்கிற காசுக்கு விற்க வேண்டும் என்று வாதிட்டவர். மலிவான பொருள், மலிவான கருவி, ஆகவே எல்லார் வீட்டுச் சுவரிலும் ஒரு நவீன ஓவியம் என்பது அவர் கனவு. அவருடைய மாணவர்கள் சிரில் பவர், சிபில் ஆண்ட்ரூஸ் போன்றவர்களின் லினோ அச்சுகள் இன்று ஏலத்தில் பல்லாயிரம் பவுண்டுக்குப் போகின்றன. அவற்றை வாங்குகிறவர் அதற்குப் பிறகு எத்தனை சினிமா வேண்டுமானாலும் பார்க்கலாம், அரங்கையே வாங்கிப் பார்க்கலாம்.

அரூபத்தின் நிலைமையும் மாறிவிட்டது. அன்று வாசலிலேயே நிறுத்தி விசாரித்தார்கள். இன்று வரவேற்பறையில் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள், சோபாவின் நிறத்தோடு ஒத்துப்போகும் பட்சத்தில். யார் மனதையும் புண்படுத்தாது, எந்தச் சாமியும் இல்லை, எந்தக் கட்சியும் இல்லை, ஆடை குறைவான பெண் இல்லை. அலுவலகத்திலும் மாட்டலாம், மருத்துவமனையிலும் மாட்டலாம். என்ன அர்த்தம் என்று ஒருவரும் கேட்பதில்லை. நவீன ஓவியம் புரியாது என்பது புரிந்துவிட்ட சமூகம் இது. பத்திரமாகக் கண்ணாடிக்குள் வைத்து, பார்க்காமல் கடந்துபோகக் கற்றுக்கொண்டுவிட்டது. என் பழைய உறவினர்களின் ஏளனத்தில் இருந்த கவனத்தில் கால்வாசிகூட இந்த மரியாதையில் இல்லை.

புதிய நூலின் வெளியீட்டுக்கும் போயிருந்தேன். 50 பிரதியும் முன்பதிவிலேயே போய்விட்டன. துணிப் பெட்டி, அதற்குள் மெழுகுத் தாள், அதற்குள் நூல், நூலுக்குள் உறையில் என் அச்சு. வெள்ளைக் கையுறை போட்ட ஓர் இளைஞர் திறந்து காட்டினார். வாங்கிய ஒருவர், படத்தை எடுத்துச் சட்டம் போட்டுவிடப் போவதாகவும் நூலைப் பெட்டியோடு அப்படியே வைத்துவிடப் போவதாகவும் சொன்னார். “பிரிச்சா வேல்யூ போயிடும் சார்.” கவிதைகளை எழுதிய பெண் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில், என் பழைய நண்பரை அடையாளம் கண்டுகொண்டேன். கவிதை படிக்க ஆளில்லாத விஷயத்தில் மட்டும் தமிழ்நாட்டில் மரபு அறுபடவில்லை.

எனக்கு இதில் வருமானம் வந்தது. இரண்டு பிரதியும் டிபனும் வாங்கிய காலத்தை ஏங்கித் தவிக்கும் அளவுக்கு நான் துறவி இல்லை; ஓவியனுக்குக் கூலி கிடைப்பது நல்லது, அது முன்பே கிடைத்திருக்க வேண்டும். ஆனால் புத்தகத்துக்கென்று செய்த அச்சுப் படத்துக்கு ஒரே ஒரு நியாயம்தான் உண்டு: அது கவிதையோடு சேர்ந்து, கவிதை போகிற இடத்துக்கெல்லாம், கவிதையின் விலையிலேயே போக வேண்டும். பலராக இருப்பதற்காகத்தான் அச்சு பிறந்தது. அதைப் பிடித்து ஒன்றே ஒன்றாக நடிக்கச் சொல்வது, ஓவியத்துக்கும் உதவாது, அச்சுக்கும் பெருமை இல்லை.

ஆகையால் அடுத்த ஒப்பந்தத்தில் நானும் ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறேன். சேகரிப்பாளருக்கு 50 அடிக்கும் அதே கட்டையில், சாதாரணத் தாளில், கையெழுத்தும் எண்ணும் இல்லாமல், மலிவுப் பதிப்புக்கும் அடிக்க வேண்டும். பதிப்பகத்தார் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒப்புக்கொண்டால், புத்தகக் கண்காட்சியில் வாங்கிப் பாருங்கள். கறுப்பில் புள்ளி இருந்தால் கடைக்காரரிடம் சண்டை போடுங்கள், என்ன படம் இது என்று திட்டுங்கள், தலைகீழாகவும் பிடித்துப் பாருங்கள். பிறகு பக்கத்தைப் புரட்டி, அந்தக் கவிதைகளையும் படித்துவிடுங்கள்.